கூடு விட்டுக் கூடு பாயும் வன்தட்டு

திருமூலரின் கதையை நம்மில் பலர் சிறுவயதிலேயே கேட்டிருப்போம். சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்கின்றான். அவன் மேய்த்த பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அவ்வழியே வந்த சிவயோகியார் அவற்றின் துயர் தாளாது, தமது உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு, மூலனின் உடலினுள் புகுந்து எழுகின்றார். பசுக்கள் அமைதியடைந்தன. ஆனால், எழுந்து நிற்பவர் பழைய மூலனல்லர் என்பதை அவனது மனைவியும் ஊர்ப் பெரியோரும் கண்டுகொண்டனர். தமது பழைய உடலைத் தேடிச் சென்ற யோகியாருக்கு அது கிடைக்கவுமில்லை.

கூடு விட்டுக் கூடு பாய்தல் என்ற இந்த வித்தையைக் கணினியிடம் எதிர்பார்த்து ஏமாந்த ஓர் இரவு எனக்கும் உண்டு. இடிமின்னலுடன் மழை பெய்த நாளொன்றில், பத்திரிகை அலுவலகத்தின் பக்க வடிவமைப்புக் கணினி உயிர்விட்டது. தாய்ப்பலகை கருகிப் போயிருந்தது. ஆயினும், உள்ளிருந்த வன்தட்டுக்கு எதுவும் நேரவில்லை. அன்றிரவு அச்சுக்குப் போகவேண்டிய பக்கங்கள் அதற்குள் இருந்தன. வடிவமைப்பாளர் வன்தட்டைக் கழற்றிப் பக்கத்து மேசையிலிருந்த கணினியில் பூட்டினார். திரை ஒளிர்ந்தது, சின்னம் தோன்றியது, அடுத்த கணம் நீலநிறத் திரையும் அதில் சில வெள்ளெழுத்துகளும் மட்டுமே எஞ்சின. எத்தனை தடவை முயன்றும் அதுவே நிகழ்ந்தது.

கோப்புகளை மட்டும் பிரதி செய்து எடுத்தால் போதாதா என்று வாசகர்கள் கேட்கலாம். போதாது. அந்நாளில் தமிழ்ப் பக்கங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. அக்கோப்புகளில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்கள். எழுத்துரு இருந்தால் அது தமிழாகத் தெரியும். இல்லையேல் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சிதரும். எழுத்துரு, விசைப்பலகை அமைப்பு, பக்க வடிவமைப்பு மென்பொருள், அச்சுப்பொறிக்கான அமைப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஒரு பத்திரிகைக் கணினி. ஆகவேதான் வன்தட்டை அதன் இயங்குதளத்துடன் முழுமையாக இன்னோர் உடலுக்கு மாற்ற நாம் ஆசைப்பட்டோம்.

முடிவில், மற்றக் கணினியில் அதனை இரண்டாவது தட்டாகப் பூட்டிக் கோப்புகளையும் எழுத்துருக்களையும் தனித்தனியே எடுத்து, மென்பொருளை மீள நிறுவி, விடிகாலையில் பக்கங்களை அனுப்பினோம். தட்டில் இருந்த ஒவ்வோர் எழுத்தையும் மற்றக் கணினி வாசித்தது. ஆனால், அந்தத் தட்டிலிருந்து எழுந்து நடமாட மட்டும் அதனால் இயலவில்லை. இது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடினால், அது கணினி வரலாற்றின் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு நம்மை இட்டுச் செல்கின்றது. வன்தட்டொன்று உடல் மாறுவதைத் தடுக்கும் பூட்டுகள் நான்கு. முதலிரண்டையும் பொறியியலாளர்கள் பெரும்பாடுபட்டுத் திறந்தனர். பின்னிரண்டும் அதன் பிறகு புதிதாகப் பூட்டப்பட்டவை.

முதலாவது பூட்டு: மொழி

உலகின் முதலாவது வர்த்தக வன்தட்டுச் சாதனத்தை ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் அறிமுகம் செய்தது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள். எடை ஒரு தொன்னுக்கு மேல். கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். இதனைக் கழற்றி இன்னொரு கணினியில் பூட்டுவது என்ற எண்ணமே அன்று எவருக்கும் எழுந்திராது.

1962இல் அதே நிறுவனம் கழற்றி மாட்டக்கூடிய தட்டடுக்கு ஒன்றை வெளியிட்டது. ஆறு தட்டுகளைக் கொண்ட அவ்வடுக்கின் எடை ஏறத்தாழ 10 இறாத்தல். கொள்ளளவு 20 இலட்சம் எழுத்துகள். கைப்பிடியில் பிடித்து, சாப்பாட்டுக் கரியர் ஒன்றைத் தூக்கிச் செல்வதுபோல் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கொண்டு செல்லலாம். தட்டு நடமாடத் தொடங்கியது அப்போதுதான்.

ஆனால், அது செல்லக்கூடிய வீடுகள் சிலவே. அன்றைய கணினிகள் ஒவ்வொரு வரிசையும் தனக்கெனத் தனியான கட்டளை மொழியைக் கொண்டிருந்தன. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஒரு வரிசைக்கு எழுதிய நிரலை அதே நிறுவனத்தின் இன்னொரு வரிசையில் இயக்க முடியாது. பெரிய கணினி வாங்கும் நிறுவனம் தனது நிரல்களையெல்லாம் மீள எழுதவேண்டும்.

1964 ஏப்ரல் 7ஆம் திகதி ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம் 360 என்ற கணினிக் குடும்பம் இந்நிலையை மாற்றியது. சிறியது முதல் பெரியது வரை அக்குடும்பத்தின் கணினிகள் ஒரே கட்டளைத் தொகுதியைப் பின்பற்றின. சிறிய கணினிக்கு எழுதியதைப் பெரியதிலும் இயக்கலாம் என்ற வாக்குறுதியே அதன் பெரும் விற்பனைச் சரக்கு எனலாம். இடம் மாறும் மென்பொருளுக்கு முதலில் வேண்டியது மொழி ஒற்றுமை என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

இந்தப் பூட்டு இன்றும் முற்றாக அகன்றுவிடவில்லை. அப்பிள் நிறுவனம் தனது மக்கின்டொஷ் கணினிகளின் மையச் செயலியை மூன்று தடவைகள் மாற்றியது: 1994இல் பவர்பிசிக்கும், 2006இல் இன்டெலுக்கும், 2020இல் தனது சொந்தச் செயலிக்கும். ஒவ்வொரு தடவையும் பழைய கணினியின் தட்டிலிருந்த இயங்குதளம் அப்படியே புதியதில் எழ முடியாத எல்லைக்கோடு ஒன்று வரையப்பட்டது.

இரண்டாவது பூட்டு: உறுப்புகள்

மொழி ஒன்றாயினும் உறுப்புகள் வேறாக இருக்கலாம். திரை, விசைப்பலகை, தட்டைக் கட்டுப்படுத்தும் சுற்று ஆகியவை ஒவ்வொரு கணினியிலும் வெவ்வேறு விதமாக அமைந்திருக்கும். இயங்குதளம் அவற்றுடன் நேரடியாகப் பேசவேண்டும்.

கலிபோர்னியாவின் மொன்டெரே நகரிலுள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த கரி கில்டோல், 1974இல் சி.பி.எம். என்ற இயங்குதளத்தை உருவாக்கினார். நுண்கணினி உற்பத்தியாளர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு தட்டுக் கட்டுப்படுத்திகளைப் பயன்படுத்தியமையால், ஒவ்வொருவருக்காகவும் முழு இயங்குதளத்தையும் திருத்த வேண்டியிருந்தது. இத்தொல்லையிலிருந்து விடுபட அவர் கண்ட வழி மிக எளிமையானது. வன்பொருளுடன் நேரடியாகப் பேசும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத் தனியாக வைத்தார். எஞ்சிய பெரும்பகுதி எல்லாக் கணினிக்கும் பொதுவானது. தனியாக்கப்பட்ட அச்சிறு பகுதிக்குப் பயோஸ் என்று பெயரிட்டார். இன்றும் கணினி திருத்துநர்கள் நாளாந்தம் உச்சரிக்கும் அந்தச் சொல்லின் பிறப்பு இதுவே.

எனினும், ஒரு குறை இருந்தது. சி.பி.எம். முறையில் பயோஸ் பகுதியும் தட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. ஆகவே, ஒரு நிறுவனத்தின் கணினிக்குரிய தொடக்கத் தட்டு, அந்தக் கணினியின் உறுப்புகளைப் பற்றிய அறிவைத் தன்னுடனேயே சுமந்து சென்றது. வேறு நிறுவனத்தின் கணினியில் அதனை இட்டால் பயனில்லை. உயிர் தன் பழைய உடலின் கைகால்களையும் தூக்கிக்கொண்டு போனது போன்ற நிலைமை அது.

1981 ஓகஸ்ட் 12ஆம் திகதி ஐ.பி.எம். தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது, பயோஸின் முக்கிய பகுதி தாய்ப்பலகையிலிருந்த அழியா நினைவகச் சில்லுக்குள் வைக்கப்பட்டிருந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் டொஸ் இயங்குதளம் தட்டில் இருந்தது. தட்டை வாசிக்கவோ திரையில் எழுதவோ வேண்டுமானால், டொஸ் அந்தச் சில்லிடம் வேண்டுகோள் விடுக்கும். உறுப்புகளைப் பற்றிய அறிவு உடலோடு தங்கிவிட்டது; தட்டு பொதுவானதை மட்டும் சுமந்தால் போதும். வன்தட்டொன்று உடல் மாறுவதற்கான அடிப்படை நிபந்தனை இதனால் நிறைவேறியது.

ஆனால், அந்தச் சில்லு ஐ.பி.எம். நிறுவனத்திடம் மட்டுமே இருந்தது. அதன் நிரல் வரிகள் தொழில்நுட்பக் கைநூலில் பகிரங்கமாக அச்சிடப்பட்டிருந்தபோதிலும் பதிப்புரிமை ஐ.பி.எம். வசமே இருந்தது. டிஜிட்டல் எக்கியுப்மென்ட் நிறுவனத்தின் ரெயின்போ, டான்டி 2000 முதலிய கணினிகளிலும் டொஸ் இயங்கியது. ஆயினும், அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டொஸ் பதிப்புத் தேவைப்பட்டது. ஐ.பி.எம். கணினிக்கென எழுதப்பட்டு, திரை நினைவகத்துடன் நேரடியாகப் பேசிய லோட்டஸ் 123 போன்ற மென்பொருள்கள் அவற்றில் அப்படியே ஓடவில்லை. டொஸ் இயங்குவது வேறு, ஐ.பி.எம். கணினிக்கு ஒத்திருப்பது வேறு என்பதைச் சந்தை விரைவில் கண்டுகொண்டது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1982இல் ஆரம்பிக்கப்பட்ட கொம்பாக் நிறுவனம் இதற்குச் சட்டபூர்வமான வழியொன்றைக் கையாண்டது. ஒரு குழுவினர் ஐ.பி.எம். பயோஸ் என்னென்ன செய்கின்றது என்பதை ஆராய்ந்து விபரமாக எழுதினர். மூல நிரலை ஒருபோதும் கண்டிராத இன்னொரு குழுவினர், அவ்விபரத்தை மட்டும் வைத்துக்கொண்டு புதிய நிரலை எழுதினர். செயல் ஒன்று, எழுத்து வேறு. பதிப்புரிமைச் சட்டம் காப்பது எழுத்தையே அன்றிச் செயலையன்று. 1984இல் பீனிக்ஸ் நிறுவனம் இவ்வாறே எழுதிய பயோஸை வேண்டியோர்க்கெல்லாம் விற்கத் தொடங்கியது. உலகெங்கும் ஒரே விதமான உடல்கள் பெருகின. ஏதோவொரு கடையில் பொருத்தப்பட்ட பெயரற்ற கணினியொன்றிலும் அமெரிக்கக் கணினியின் தட்டு எழுந்து நின்றதற்குப் பின்னால் இருந்தது இந்தக் கதையே.

ஐ.பி.எம். 1983இல் வெளியிட்ட எக்ஸ்.ரி. கணினியுடன் 10 மெகாபைற் வன்தட்டு வந்தது. அக்கால வன்தட்டுகளில் தட்டும் அதனைக் கட்டுப்படுத்தும் அட்டையும் தனித்தனிப் பொருள்கள். ஒரு வகை அட்டை எழுதியதை வேறு வகை அட்டை பெரும்பாலும் வாசிக்காது. 1980களின் பிற்பகுதியில் பரவிய ஐ.டி.ஈ. முறையில் கட்டுப்படுத்தும் சுற்றைத் தட்டின் உடலிலேயே பொருத்திவிட்டார்கள். அதன் பின்னர் டொஸ் இருந்த தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பூட்டினால், பெரும்பாலும் எதுவுமே நடவாததுபோல் அது எழும்பியது.

பெரும்பாலும் என்ற சொல்லைக் கவனிக்கவேண்டும். தட்டின் உருளைகள், தலைகள், பிரிவுகள் ஆகியவற்றின் எண்ணிக்கையைப் பயோஸில் குறிப்பிடவேண்டிய காலம் அது. 1,024 உருளைகள், 16 தலைகள், 63 பிரிவுகள் என்ற வரம்பினால் 528 மெகாபைற்றுக்கு மேல் தட்டைப் பயன்படுத்த முடியாதிருந்தது. அவ்வரம்பைத் தாண்டுவதற்குப் பயோஸ் தயாரிப்பாளர்கள் கணக்கை மாற்றிச் சொல்லும் உத்திகளைக் கையாண்டனர். எல்லோரும் ஒரே விதமாக மாற்றவில்லை. ஒரு பயோஸின் கணக்குப்படி எழுதிய தட்டு, வேறொரு கணக்கைப் பின்பற்றும் பயோஸின் முன் ஊமையாகிவிடும்.

அறைக்குள் சிக்கிய திறப்பு

1995 ஓகஸ்டில் விண்டோஸ் 95 வெளிவந்தது. புதிய உறுப்பைப் பொருத்தினால் தானாகவே கண்டறியும் ஆற்றல் அதன் சிறப்பு. அதன் தட்டை வேறு கணினியில் பூட்டினால், புதிய வன்பொருள் கண்டறியப்பட்டது என்ற அறிவித்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இறுவட்டைக் கேட்கும், மீளத் தொடங்கும், மீண்டும் கேட்கும். பொறுமையுடன் இருந்தால் பல வேளைகளில் கடைசியில் எழுந்து நிற்கும். அனுபவமிக்க திருத்துநர்கள், பதிவேட்டில் பழைய வன்பொருள் விபரங்கள் உள்ள கிளையை முன்கூட்டியே அழித்துவிட்டுத் தட்டை மாற்றுவர்.

மறுபுறத்தில், 1993 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் என்.ரி. என்ற மரபு வளர்ந்து வந்தது. டிஜிட்டல் எக்கியுப்மென்ட் நிறுவனத்திலிருந்து வந்த டேவ் கட்லர் தலைமையிலான குழு அதனை உருவாக்கியது. இன்டெல், மிப்ஸ், அல்பா எனப் பல செயலிகளில் இயங்கவேண்டும் என்பது அவர்களின் நோக்கம். இதற்காக வன்பொருளுக்கும் இயங்குதளத்தின் கருவுக்கும் இடையே ஓர் இடைப்படலத்தை அமைத்தனர். கில்டோல் செய்த அதே வெட்டுத்தான். இன்னும் ஆழமாகவும் நேர்த்தியாகவும்.

இங்கே ஒரு முரண் உள்ளது. எந்தக் கணினியிலும் நிறுவத்தக்கதாக வடிவமைக்கப்பட்ட அந்த இயங்குதளம், ஒருமுறை நிறுவப்பட்ட பின்னர் அந்தக் கணினிக்கே உரியதாகிவிட்டது. நிறுவும்போது அது சுற்றுமுற்றும் பார்த்து, தனக்குத் தேவையான இடைப்படலத்தையும் இயக்கி மென்பொருள்களையும் மட்டும் தெரிவு செய்து வைத்துக்கொள்ளும். 2001இல் வந்த எக்ஸ்பியும் இம்மரபைச் சேர்ந்ததே.

நீலத்திரைக்கான காரணம் இதில்தான் அடங்கியிருந்தது. தொடக்கத்தில் பயோஸின் உதவியுடன் தட்டிலிருந்து இயங்குதளத்தின் கரு நினைவகத்துக்கு ஏற்றப்படுகின்றது. கரு விழித்தெழுந்ததும் பயோஸை ஒதுக்கிவிட்டுத் தனது சொந்த இயக்கி மூலம் தட்டை வாசிக்க முற்படுகின்றது. புதிய தாய்ப்பலகையின் தட்டுக் கட்டுப்படுத்திக்குரிய இயக்கி ஏற்கெனவே தயார் நிலையில் இல்லையெனில், தான் எந்தத் தட்டிலிருந்து வந்ததோ அதே தட்டை அதனால் காண முடியாது. வேண்டிய இயக்கி அதே தட்டில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கலாம். திறப்பை அறைக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட கதை. தொடக்கச் சாதனத்தை அணுக இயலவில்லை என்ற பொருள்படும் அந்த அறிவித்தலை, அதன் குறியீட்டின் இறுதி எழுத்துகளைக் கொண்டு ஏழு பி என்றே திருத்துநர்கள் அழைத்தனர்.

இதற்கு மாற்று வழிகள் இருந்தன. இடம் மாற்றுவதற்கு முன்னர் பொதுவான இயக்கியை இயங்கச் செய்து வைத்தல் ஒரு வழி. நிறுவனங்களுக்காக மைக்ரோசொப்ட் வழங்கிய சிஸ்பிரெப் என்ற கருவியால் கணினியின் தனித்துவ விபரங்களைக் களைந்துவிடுதல் மற்றொன்று. 2007இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா முதல், ஒரே பிரதியைப் பல வகைக் கணினிகளில் நிறுவும் முறையும் மேம்பட்டது.

லினக்ஸ் வேறு பாதையில் சென்றது. தட்டை வாசிப்பதற்கு வேண்டிய இயக்கிகளைச் சிறு பொதியாகக் கட்டி, கருவுடன் சேர்த்தே நினைவகத்துக்கு ஏற்றும் முறையை அது கைக்கொண்டது. திறப்பை வாசலிலேயே கையில் கொடுப்பது போன்றது இது. ஜெர்மனியரான குளோஸ் நொப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நொப்பிக்ஸ் இந்த ஆற்றலின் உச்சம். வன்தட்டே தேவையில்லை, இறுவட்டொன்றை இட்டால், முன்பின் அறியாத கணினியிலும் உறுப்புகளைக் கண்டறிந்து ஒரு முழு இயங்குதளம் எழுந்துவிடும். உயிர்விட்ட கணினிகளிலிருந்து கோப்புகளை மீட்டெடுப்பதற்கு அந்த இறுவட்டு எத்தனையோ பேருக்கு உதவியது.

இரண்டாவது பூட்டு இவ்வாறு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் தளர்த்தப்பட்டது. ஆனால், அது தளர்ந்துகொண்டிருந்த அதே வேளையில் மூன்றாவது பூட்டு மாட்டப்பட்டது.

மூன்றாவது பூட்டு: உரிமம்

எக்ஸ்பி இயங்குதளத்துடன் 2001 ஒக்டோபரில் செயற்படுத்தல் என்ற நடைமுறை பரவலாக அறிமுகமானது. கணினியின் பத்து வகை உறுப்புகளின் விபரங்களிலிருந்து ஓர் அடையாளம் கணிக்கப்பட்டு, அது உரிம எண்ணுடன் இணைக்கப்பட்டது. உறுப்புகள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறினால் மீளச் செயற்படுத்தவேண்டும். தட்டை வேறு தாய்ப்பலகைக்குக் கொண்டு சென்றால் இயங்குதளம் தான் புதிய உடலில் இருப்பதை அறிந்து அனுமதி கேட்கும். இயக்கிகள் அனைத்தும் சரியாக இருந்தாலும், உரிமம் இல்லையென்றால் கதவு திறவாது.

கணினியுடன் சேர்த்து விற்கப்பட்ட பிரதிகளின் நிலை இன்னும் கடினமானது. அவற்றின் உரிமம் அந்த முதலாவது கணினிக்கே உரியது, அது அழிந்தால் உரிமமும் அதனோடு அழியும் என்பதே நிபந்தனை. உடலோடு உயிரும் எரிந்துவிட வேண்டும் என்ற உடன்கட்டை நியாயம் இது என்று சொன்னால் மிகையாகாது. மென்பொருளுக்குக் கொடுத்த பணம் வாங்கியவருடையது. ஆனால், மென்பொருளோ இரும்புப் பெட்டிக்குச் சொந்தம்.

நீதிமன்றங்கள் இதனை முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். கணினியுடன் சேர்த்து விற்பதற்கென வெளியிட்ட பிரதிகள் முறைப்படி சந்தைக்கு வந்த பின்னர், அவற்றைத் தனியாக விற்பதைப் பதிப்புரிமையின் பேரில் மைக்ரோசொப்ட் தடுக்க முடியாது என்று ஜெர்மனியின் உயர் சமஷ்டி நீதிமன்றம் 2000 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஒரு தடவை விற்ற மென்பொருள் உரிமத்தை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்ற கோட்பாட்டை, ஒரக்கிள் நிறுவனம் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலையில் ஏற்றது. ஆயினும், இத்தீர்ப்புகளின் நன்மை அந்நாடுகளின் எல்லைக்குட்பட்டது. நம்மைப் போன்ற நாடுகளின் பாவனையாளர் நிபந்தனைப் பத்திரத்தை வாசிக்காமலேயே சம்மதம் என்ற பொத்தானை அழுத்திவிட்டு இருக்கின்றனர்.

மைக்ரோசொப்ட் இந்நிலையை ஓரளவு தளர்த்திப் பார்த்ததுமுண்டு. 2012இல் நிறுவனப் பாவனையாளர்களுக்கென வந்த விண்டோஸ் டு கோ என்ற வசதி, யு.எஸ்.பி. தட்டொன்றில் முழு இயங்குதளத்தையும் வைத்து எந்தக் கணினியிலும் எழுப்ப இடமளித்தது. வேறுபட்ட உடல்களில் புகுந்து எழுவது விண்டோஸினாலும் முடியும் என்பதற்கு இது சான்று. 2020இல் அந்த வசதி நீக்கப்பட்டது.

நான்காவது பூட்டு: மறையாக்கம்

பயோஸின் இடத்தை யு.ஈ.எஃப்.ஐ. என்ற புதிய முறை படிப்படியாகப் பிடித்தது. எந்தத் தட்டின் எந்தக் கோப்பிலிருந்து எழவேண்டும் என்ற குறிப்பு இதில் தாய்ப்பலகையின் நினைவகத்திலும் எழுதப்படுகின்றது. தட்டு மட்டும் இடம் மாறும்போது அக்குறிப்பு பழைய உடலோடு தங்கிவிடுகின்றது. இது சிறு தொல்லையே, சரிசெய்துவிடலாம்.

சரிசெய்ய முடியாதது மறையாக்கம். விஸ்டாவுடன் வந்த பிட்லொக்கர், தட்டிலுள்ள அனைத்தையும் மறைமொழியாக மாற்றி, அதற்குரிய திறவியைத் தாய்ப்பலகையிலுள்ள பாதுகாப்புச் சில்லின் காவலில் வைக்க வழிசெய்தது. தட்டு வேறு கணினிக்குப் போனால், 48 இலக்கங்களைக் கொண்ட மீட்புத் திறவியைக் கேட்கும். அப்பிள் நிறுவனம் 2018 முதல் தனது மடிக்கணினிகளில் பயன்படுத்திய ரி2 சில்லு இன்னும் ஒரு படி மேலே சென்றது. சேமிப்புச் சில்லுகளின் மறையாக்கத் திறவி அக்கணினியை விட்டு வெளியேறவே முடியாது. கழற்றுவதற்குத் தட்டு என்ற தனிப்பொருளும் அங்கு இல்லை. சேமிப்புச் சில்லுகள் தாய்ப்பலகையோடு ஒட்டப்பட்டிருந்தன.

2021 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 11, பாதுகாப்புச் சில்லை ஒரு கட்டாயத் தேவையாக்கியது. 2024இன் பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கின் மூலம் நுழையும் கணினிகள் பெரும்பாலானவற்றில் மறையாக்கம் தானாகவே தொடங்கிவிடுகின்றது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவுக்கு வந்தபின், பழைய கணினிகளைக் கைவிட்டுத் தட்டை மட்டும் புதியதில் பூட்ட முனைவோர் பலர். அவர்களுள் தமது தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதை அந்த 48 இலக்கங்களைக் கேட்கும் திரையைக் கண்ட பின்னரே அறிபவர்களும் உண்டு.

இங்கே ஒரு பத்திரிகையாளனாக என் மனம் இரண்டுபடுகின்றது. தகவல் தந்தவரின் பெயர் என் தட்டில் இருக்கின்றது. தட்டு களவு போனாலோ பறித்துச் செல்லப்பட்டாலோ, வேறு கணினியில் பூட்டி எவரும் வாசிக்க முடியாது என்பது அவரது உயிருக்கே காவலாகலாம். அந்த மழையிரவில் எமது பக்கங்களை மீட்டுத் தந்த அதே வசதிதான், கெட்ட எண்ணம் கொண்டவனுக்கு எமது இரகசியங்களையும் எடுத்துக் கொடுத்திருக்கும். எனவே, மறையாக்கத்தைக் குறைகூற நான் முன்வரவில்லை.

எனது கேள்வி வேறு. பூட்டு இருக்கட்டும், திறப்பு யார் கையில்? உரிமையாளர் அறிந்து, தானே பூட்டி, திறப்பைத் தன்னிடம் வைத்திருந்தால் அது காவல். அவர் அறியாமலே பூட்டப்பட்டு, திறப்பு ஒரு சில்லுக்குள்ளோ தொலைதூர நிறுவனமொன்றின் கணக்கிலோ கிடந்தால் அதற்கு வேறு பெயர் தேடவேண்டும். உரிமத்திலும் இதே கேள்விதான். கில்டோலும் கொம்பாக் பொறியியலாளர்களும் கட்லரும் நொப்பரும் வெவ்வேறு நோக்கங்களுடன் செய்த வேலையின் பலன், தட்டிலுள்ள வாழ்வு அது குடியிருக்கும் பெட்டியைச் சாராமல் தொடரலாம் என்பதே. இன்று தொழில்நுட்ப அளவில் உடல் மாறுவது முன்னெப்போதையும்விட எளிது. அனுமதி அளவில் அது முன்னெப்போதையும்விடக் கடினம்.

ஆகவே, கணினி உயிருடன் இருக்கும்போதே செய்ய வேண்டியவற்றைச் செய்துவைப்பது நல்லது. மீட்புத் திறவி எங்கேயுள்ளது என்று தேடி, அதனைக் கடதாசியில் எழுதி வேறோர் இடத்தில் வையுங்கள். எழுதியவற்றை ஒரு கணினியின் எழுத்துருவையோ ஒரு நிறுவனத்தின் மென்பொருளையோ நம்பியிருக்காத வகையில், யுனிக்கோட் தமிழில், எங்கும் திறக்கக்கூடிய கோப்புகளாக இன்னொரு தட்டிலும் சேமியுங்கள். முழு இயங்குதளமும் உடல் மாற முடியாவிட்டாலும் எழுத்து மாறிவிடும்.

திருமூலரின் பழைய உடல் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆயினும், இரவல் உடலில் இருந்துகொண்டு அவர் பாடிய திருமந்திரம் நம்மை வந்தடைந்துள்ளது. பழைய பெட்டிக்காக நானும் இப்போது வருந்துவதில்லை. அதற்குள் எழுதிவைத்தவை வெளியே வந்து சேர்ந்தனவா என்பதை மட்டுமே பார்க்கின்றேன்.